முத்திரை விழாத கானமயில்

29 அக்டோபர் 2025, புதன்

காலையிலிருந்து தூறல். பால்காரர் பாக்கெட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விட்டார். முன்பெல்லாம் 'பாயம்மா, பாலு' என்று ஒரு குரல் கொடுப்பார். நானும் அவர் மகள் கல்யாணம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்பேன். அவர் சொல்ல ஆரம்பித்தால் பால் திரிந்துபோகும். இப்போது நான் புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறேன் என்று தெரிந்து, பாவம், செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார். திருடனும் பால்காரனும் ஒரே மாதிரி நடக்கிற வீடாகிவிட்டது இது.

எதையோ எழுத வந்து பாலுக்குப் போய்விட்டேன். இவர் இருந்தால் 'ஃபரீதா, ஏனாத்தூர் போற வழியைக் கேட்டா நீ டில்லியில இருந்து ஆரம்பிப்ப' என்பார்.

இந்த டைரி ஜரிகைக் கடைக்காரர் இவருக்குக் கொடுத்தது. இவர் ஒரு பக்கமும் எழுதாமல் இந்த மாதம் ஆரம்பத்தில் மவுத்தாகிவிட்டார். குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டார். நான் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அந்தச் சொம்பை இன்னும் தேய்க்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை. அறிவொளி வகுப்பு நடத்தினார்களே, அப்போது கைக்குழந்தை இம்தியாஸை மடியில் போட்டுக்கொண்டு எழுத்துக் கற்றேன். பிழை இருந்தால் இருக்கட்டும். படிக்கப் போகிறவளும் நான்தான்.

31 அக்டோபர், வெள்ளி

மழை. ஜுமாவுக்குப் போகிறவர்களின் குடைகளை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

4 நவம்பர், செவ்வாய்

பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குழலி. முழுப் பெயர் ஏலவார்குழலி. ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பெயரை வைத்துவிட்டு, அம்மனைக் கூப்பிடுகிற மாதிரியா அந்த வீட்டில் கூப்பிடுகிறார்கள்? 'ஏய் குழலி, தார் எங்க, நூல் எங்க' என்றுதான். பட்டுத்தறி வீடு. அவள் புருஷன் குமாரவேல் நெய்கிறார், இவள் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறாள். எனக்கும் அவளுக்கும் முப்பது வருஷப் பழக்கம். சுவர்தான் எங்கள் வாசல்.

"இன்னாக்கா, சத்தமே காணோம்? நீ பேசாத வீடா இது?"

"யாருகிட்ட பேசறது, பீரோகிட்டயா?"

"எங்க வீட்ல வந்து பாரு. மழையில பாவு நூலுக்கு கஞ்சி போட்டு தோய முடியல. தெருவுல விரிச்சா நனைஞ்சிடும். தறி காலி. இந்த ஆளு காலையில இருந்து என் மூஞ்சியவே பாத்துக்கினு உக்காந்துகினு இருக்குது. உனக்காச்சும் நாலு மாசத்தோட..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் போனபிறகு முதல் சிரிப்பு. சிரித்தது தப்போ என்று பிறகு மனசுக்குள் ஒரு குத்தல். இவருக்கும் இந்தச் சிரிப்பு பிடித்திருக்கும்.

இத்தா என்றால் நாலு மாதம் பத்து நாள். வாசல் தாண்டக் கூடாது, அத்தர் கூடாது, புதுத்துணி கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. என் அம்மா இருந்தாள், அவள் அம்மாவும் இருந்தாள். அதில் எனக்குக் குறை இல்லை. அழ ஒரு மூலை வேண்டும், மார்க்கம் கொடுத்திருக்கிறது. அது ஒருநாள் முடியவும் செய்யும்.

முடியாதது ஒன்று அதற்குப் பிறகு இருக்கிறது. இம்தியாஸ் முடிவு பண்ணிவிட்டான். இத்தா முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி வருமாம். அம்பத்தூரில் ஏழாவது மாடியில் அவன் வீடு. இந்த வீட்டை ஏனாத்தூர் காலேஜ் பையன்களுக்கு வாடகைக்கு விடுவானாம். "தனியா இருக்கக் கூடாது அம்மி. அங்க கேட்ல வாட்ச்மேன், லிஃப்ட்ல கேமரா. நீங்க பாதுகாப்பா இருப்பீங்க" என்றான் ஃபோனில்.

நான் 'ம்' என்றேன்.

நல்ல பிள்ளை. கெட்ட பிள்ளையாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

9 நவம்பர், ஞாயிறு

இவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்துல் சத்தார் என்றால் பெரிய காஞ்சிபுரத்தில் யாருக்கும் தெரியாது. ஸ்டாம்பு பாய் என்றால் நாய்கூட வழிகாட்டும். தபால் ஆபீசுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. பழைய நாணயம், பழைய தபால்தலை. கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் வாங்குவார்கள். கடை வியாபாரம் வேறு, வீட்டுப் பீரோ வேறு. பீரோவில் இருக்கிறவை விற்பனைக்கு இல்லை. அத்தனையும் நம் நாட்டு மிருகங்கள், பறவைகள். காட்டைக் காப்பாற்றுங்கள் என்று சர்க்கார் வெளியிட்ட தபால்தலைகள். புலி, வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி, கடலாமை. எதிலும் முத்திரை விழவில்லை. வெளிவந்த அன்றே வாங்கிவந்து இடுக்கியால் பிடித்து ஆல்பத்தில் வைப்பார். கைபட விடமாட்டார். பிறந்த குழந்தையைக்கூட இவர் அப்படிப் பிடித்ததில்லை. இம்தியாஸைத் தூக்கச் சொன்னால் சாக்கு மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்குவார்.

வேலை பிரித்திருந்தோம். 'புதுசு என் வேலை, பழசு உன் வேலை.' பழைய உறைகளிலிருந்து தபால்தலையைப் பிரிப்பது நான். எனாமல் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஊறப்போட்டால் கொஞ்ச நேரத்தில் தாளும் தலையும் தானே விலகும். வழுக்கிக்கொண்டு விரலோடு வரும். பழைய வேட்டியில் காயவைத்து அம்மிக்கல்லை ஏற்றினால் இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிடும். அந்தக் காலத்தில் என் விரல் நுனி எந்நேரமும் ஊறிப்போய்த்தான் இருக்கும்.

இவருக்கு எல்லாவற்றிலும் பிரியம் கானமயில் மேல். ஆளுயரத்தில் ஒரு பறவை, நீளக் கழுத்து. அந்தத் தலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 'உங்க மாகறல் பக்கமெல்லாம் ஒரு காலத்துல இது மேஞ்சிருக்கும்டி. திறந்த வெளிதான் அதுக்கு வேணும். இப்ப நம்ம சீமையிலயே இல்ல' என்பார். மாகறல் என் பிறந்த ஊர். செய்யாற்றுக் கரையில் நானும் என் சிறுவயதுச் சிநேகிதி ஜெயம்மாளும் ஆடு மேய்த்திருக்கிறோம். கானமயில் பார்த்ததில்லை. உடும்பு பார்த்திருக்கிறோம். அந்த ஊர்ச் சாமியே உடும்பாக வந்தவர் என்பாள் ஜெயம்மாள். அதனால் உடும்பைக் கண்டால் அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள், நான் ஓடிவிடுவேன். 'உடும்புத் தபால்தலை ஒன்னு வாங்கிக் குடுங்க, ஜெயம்மாளுக்கு அனுப்பணும்' என்று இவரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இவர் ஆல்பத்தில் உடும்பு வரவே இல்லை.

இத்தனை மிருகத்தைச் சேர்த்தவர் என்னை ஒருமுறைதான் வண்டலூருக்குக் கூட்டிப்போனார். அங்கே சிங்கவால் குரங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பலகையில் 'பாதுகாக்கப்பட்ட உயிரினம்' என்று இருந்தது. அப்போதுதான் எழுத்துக் கற்ற புதிது, சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் குரங்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

18 நவம்பர், செவ்வாய்

விடாத மழை. சுவரில் வியர்வை மாதிரி ஈரம். இன்று பீரோவைத் திறந்தேன், ஏதோ நாற்றம் வருகிறதே என்று. ஆல்பங்கள் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. தலைகள் எல்லாம் தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. புலி மேல் வரையாடு. ஆமை முதுகில் குரங்கு. இடுக்கியால் நெம்பினால் கிழிந்துவிடும் போல இருக்கிறது.

முப்பது வருஷம் காப்பாற்றியவர் போய் ரெண்டாம் மாதத்திலேயே நான் நாசம் பண்ணிவிட்டேனா?

இம்தியாஸ் இவற்றை வேலூர் தினகரனிடம் கொடுக்கப்போகிறான். இவருடைய சிநேகிதர். கண்காட்சிகளில் இவர் பெயரோடு வைப்பாராம். அது நல்லதுதான். அதோடு பீரோவும் காலி, வீடும் காலி, நானும் காலி.

19 நவம்பர், புதன்

பேசினை எடுத்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. வெதுவெதுப்பான தண்ணீர். ஒவ்வொரு பக்கமாக ஊறப்போட்டேன். அல்லாவே, என்ன அழகாக விலகின! ஓரத்துப் பல் ஒன்றுகூட ஒடியவில்லை. வேட்டி முழுக்க விரித்தபோது கூடமே காடு மாதிரி இருந்தது. நடுவில் கானமயிலை வைத்தேன். குழலிக்குக் காட்ட வேட்டியோடு தூக்கிக்கொண்டு போக முடியாது, அவளைச் சுவரேறச் சொன்னேன். கல் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, துணி துவைச்சா மாதிரி மிருகத்த துவைச்சிப் போட்டுக்கினு இருக்குற!"

"ஒட்டிக்கினு இருந்துச்சி. பிரிச்சிட்டேன்."

"இதுங்களாவது காத்து வாங்கட்டும்" என்றாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

22 நவம்பர், சனி

எல்லாம் காய்ந்து, தட்டையாகி, பழையபடி ஆல்பத்தில். இவர் பார்த்தால் 'சபாஷ்' என்பார்.

30 நவம்பர், ஞாயிறு

இம்தியாஸும் தினகரனும் வந்திருந்தார்கள். நான் அறையில், நடுவில் திரை. தினகரன் திரைக்கு அந்தப் பக்கமிருந்தே "அண்ணி, சாப்டீங்களா" என்றார். இவரோடு எத்தனை நாள் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார், நாணயத்தில் இருக்கிறது யானையா பன்றியா என்று.

ஆல்பம் புரளும் சத்தம். பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

"தம்பி, இதெல்லாம் யாராச்சும் தண்ணியில போட்டாங்களா?"

"அம்மி?" என்றான் இம்தியாஸ்.

"ஆமாம்பா. மழையில ஒட்டிக்கினு போச்சி. ஒன்னுகூட கிழியாம பிரிச்சேன்" என்றேன். எவ்வளவு பெருமை என் குரலில்! இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தினகரன் ரொம்ப மெதுவாகச் சொன்னார். முத்திரை விழாத தபால்தலைக்குப் பின்பக்கத்துப் பசைதான் உயிராம். சர்க்கார் தடவிய பசை அப்படியே இருக்க வேண்டுமாம். அது கரைந்தால் சேகரிக்கிறவர்கள் தொடமாட்டார்களாம். முத்திரை விழுந்ததைத்தான் தண்ணீரில் போடலாம்.

"இப்ப இது புதுசும் இல்ல, பழசும் இல்ல அண்ணி. கண்காட்சியில வைக்க முடியாது. தப்பா நினைச்சிக்காதீங்க."

ஏங்க, புதுசு என் வேலை பழசு உன் வேலைன்னு சொன்னீங்களே, ஏன்னு சொன்னீங்களா? ஒரு வார்த்தை? நாயி பேயி கதையெல்லாம் உக்காந்து பேசினோமே, ராத்திரி பூரா பேசினோமே. இத சொல்ல வாய் வரலியா உங்களுக்கு? நானும்தான் கேட்டேனா. கேக்கல. கிறுக்கு புடிச்ச ஆளு, அதனால பிரிச்சி வெச்சிருக்குதுன்னு நினைச்சேன். பசை போச்சி. எல்லாத்தையும் நானே கழுவி ஊத்திட்டேன்.

போகும்போது இம்தியாஸ், "விடுங்க அம்மி. வீட்ல வெச்சிக்கலாம்னாலும் அங்க இடமில்ல. போறப்ப பாத்துக்கலாம்" என்றான். தலையைத் தடவினான். நான் அவனுக்குத் தடவுகிற மாதிரி.

1 டிசம்பர், திங்கள்

எழுத ஒன்றுமில்லை. மழை.

3 டிசம்பர், புதன்

கார்த்திகை தீபம். குழலி வீட்டுச் சுவர் மேல் அகல் வரிசை. வெளிச்சம் என் பக்கமும் விழுந்தது. 'இன்னாக்கா ஆச்சி?' என்று கேட்டாள், நான் அகல்களை எண்ணிக்கொண்டு நின்றேன். 'சரி, நாளைக்கு' என்று போய்விட்டாள்.

12 டிசம்பர், வெள்ளி

இன்று குழலியிடம் கொட்டிவிட்டேன். பசை, தினகரன், ஏழாவது மாடி, எல்லாம். ஒன்றையும் சுருக்காமல், வண்டலூர்க் குரங்கையும் சேர்த்துச் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டே தார் சுற்றினாள்.

"அக்கா, ஒன்னு கேக்குறேன், கோச்சிக்காத. எங்க அம்மாவோட கல்யாணப் பட்ட எங்க அண்ணி கட்டவே இல்ல. 'அத்தையோட ஞாபகம்'னு பீரோல மடிச்சே வெச்சிட்டா. போன வருஷம் எடுத்து உதறினா, மடிப்பு மடிப்பா விட்டுப்போச்சி. கட்டியிருந்தா இன்னொரு தலைமுறை வந்திருக்கும். பட்டு மடிப்புலதான் சாகும்."

"அதுக்கு இன்னா இப்ப?"

"அந்த ஸ்டாம்பு, கடுதாசியில ஒட்டினா போவாதா?"

போகும். ஏன் போகாது? முத்திரை விழவில்லையே. சர்க்கார் போட்ட மதிப்பு முகத்திலேயே இருக்கிறது. பசைக்குத்தானே சேகரிக்கிறவர்கள். தபால்காரருக்குப் பசை எதற்கு?

"பசை இல்லியே குழலி."

"பாவுக்கு போட்ற கஞ்சி இருக்குது எங்க வீட்ல, அண்டா அண்டாவா. ஆயிரம் இழைய புடிச்சி நிறுத்துது, உன் குரங்க புடிக்காதா?"

பேசி முடித்து உள்ளே வந்தபிறகுதான் தோன்றியது: யாருக்குக் கடுதாசி போடுவது? போட எனக்கு யார் இருக்கிறார்கள்?

1 ஜனவரி 2026, வியாழன்

டைரி முடிந்துவிட்டது. முன்னால் அக்டோபர் வரை வெற்றுப் பக்கம்தானே, அங்கே போய்விட்டேன். ஜனவரி ஒன்று புதன் என்று அச்சடித்திருக்கிறது. அடித்துவிட்டு வியாழன் என்று எழுதினேன். இவர் வாழாத பக்கத்தில் நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

15 ஜனவரி, வியாழன்

லீவு என்று இம்தியாஸ் குடும்பத்தோடு வந்தான். குழலி சுவர் மேல் பொங்கல் சட்டியை வைத்தாள். மருமகள் நிக்கத் எனக்குத் தலை வாரிவிட்டாள். அவள் கை மெத்தென்று இருக்கும். எனக்காக ஒதுக்கியிருக்கிற அறையை ஃபோனில் படம் எடுத்து வந்திருந்தாள்.

"பால்கனி பாருங்க அம்மி. நெட் போட்டுட்டோம். ஒரு புறா உள்ள வராது. நீங்க ஜாலியா சேர் போட்டு உக்காந்துக்கலாம்."

பார்த்தேன். பச்சை வலை, கட்டம் கட்டமாக. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. புறா வெளியே. நாற்காலி உள்ளே.

"அழகா இருக்குதுமா" என்றேன்.

"லிஃப்ட் நீங்க தனியா யூஸ் பண்ண வேணாம். எங்கயாச்சும் போணும்னா இம்தியாஸ் ஆபீஸ்ல இருந்து வந்ததும் சொல்லுங்க."

"ம்."

வாடகைக்கு வருகிற பையன்கள் வீட்டைப் பார்க்க வரலாமா என்று இம்தியாஸ் கேட்டான். இத்தா முடியட்டும் என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

எனக்கு இது என்ன வியாதி? மாகறல் உடும்பிலிருந்து வண்டலூர் குரங்குவரை வாய் ஓயாமல் பேசுகிறவள், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து 'வரல' என்று மூன்று எழுத்து சொல்ல முடியவில்லை. அவன் அன்பாகப் பார்க்கிறான். அந்தப் பார்வையில் நான் 'ம்' ஆகிவிடுகிறேன். ஃபோனிலும் அதேதான். அவன் பேசுகிறான், நான் 'ம்' கொட்டுகிறேன். கதை கேட்கிறவர்கள்தானே 'ம்' கொட்டுவார்கள். என் கதையை அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

16 ஜனவரி, வெள்ளி

யாருக்குக் கடுதாசி போடுவது என்று தெரிந்துவிட்டது.

3 பிப்ரவரி, செவ்வாய்

எழுதுகிறேன், கிழிக்கிறேன். முதல் தடவை 'அன்புள்ள இம்தியாஸுக்கு' என்று தொடங்கி, அவன் பிறந்தபோது பெய்த மழை, ஆஸ்பத்திரிக்கு இவர் குடையை ஆல்பத்துக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்து வந்தது, அதற்கு நான் போட்ட சண்டை எல்லாம் எழுதினேன். நாலு பக்கம். விஷயம் வரவில்லை. இரண்டாவதில் அவன் சுன்னத்து விருந்து. மூன்றாவதில் நிக்கத் நல்லவள், வலை நல்ல வலை, எனக்குக் கோபம் இல்லை. அதுவும் நாலு பக்கம்.

இந்தக் கையே என்னைப் போலத்தான். வழி கேட்டால் டில்லியிலிருந்து ஆரம்பிக்கிறது.

8 பிப்ரவரி, ஞாயிறு

எழுதிவிட்டேன். ஒரே தாள்.

'இம்தியாஸ், அம்மி நல்லா இருக்கேன். நான் அங்க வரல. அப்பா கடையைத் திறக்கப் போறேன். உன்மேல கோவம் இல்ல.'

நடுவில் ஒரு கதையும் இல்லை. படித்துப் பார்த்தால் வேறு யாரோ எழுதின மாதிரி இருக்கிறது.

9 பிப்ரவரி, திங்கள்

குழலி சுவர் வழியாக ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தாள். பழைய தலைகளில் முப்பது பைசா, ஐம்பது பைசா என்றுதான் இருக்கும். ஒரு கடுதாசிக்கு ஆகிற தொகை சேர்ப்பதற்குள் உறையின் முகம் நிறைந்துவிட்டது. புலி, இருவாச்சி, ரெண்டு ஆமை, குரங்கு... முகவரிக்கு இடம் தேட வேண்டியிருந்தது. ஓரத்தில் ஒண்டியிருக்கிறான் இம்தியாஸ், காட்டுக்குள் மாட்டிக்கொண்டவன் மாதிரி.

இவர் இடுக்கி இல்லாமல் தொடவிடாதவை. கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தேன்.

கானமயிலை ஒட்டவில்லை. மனசு வரவில்லை.

10 பிப்ரவரி, செவ்வாய்

இத்தா முடிந்தது. குளித்து, தொழுது, இவருக்கு துவா செய்தேன். பிறகு அந்தச் சுடுதண்ணீர்ச் சொம்பைத் தேய்த்தேன்.

"கூட வரட்டாக்கா?" என்றாள் குழலி.

"வேணாம்மா."

தெரு பழைய தெருதான். கால்தான் புதுசு. பத்தடி நடப்பதற்குள் ஆளாளுக்கு ஸலாம், நலம் விசாரிப்பு. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டதாம். யாருக்கும் நின்று பதில் சொல்லவில்லை. நின்றால் பேசுவேன், பேசினால் திரும்பிவிடுவேன் என்று பயம்.

தபால் ஆபீஸ் பெட்டியில் உறை பாதி போனது. பாதி என் விரலில். கஞ்சி காய்ந்த விரல், லேசாக ஒட்டிக்கொண்டது. பிறகு உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

எதிரே இவர் கடை. பூட்டில் துரு. சாவி கொண்டுபோக மறந்துவிட்டேன்.

13 பிப்ரவரி, வெள்ளி

ஃபோன் வரவில்லை. நானும் போடவில்லை.

14 பிப்ரவரி, சனி

இன்னும் வரவில்லை. கடுதாசி போகவே இல்லையோ? கஞ்சி பிடிக்கவில்லையோ? பாதி வழியில் தலையெல்லாம் உதிர்ந்து, கூலி இல்லாத கடுதாசி என்று எங்காவது கிடக்கிறதோ? வண்டி நாளைக்கு வந்துவிடும். வந்து நின்றால் நான் 'ம்' என்று ஏறிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

15 பிப்ரவரி, ஞாயிறு

வண்டி வந்தது. டெம்போ, ரெண்டு ஆட்கள், கயிறு. இம்தியாஸ் முன்னால் இறங்கினான். சட்டைப் பையில் உறை துருத்திக்கொண்டிருந்தது. புலியின் பாதி முகம் தெரிந்தது, மேலே கறுப்பு முத்திரை.

முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"ஃபோன்ல சொல்லக் கூடாதா அம்மி? கடுதாசியா போடுவீங்க? பக்கத்து வீட்டு ஆளு கையில இருந்து வாங்கறேன், 'உங்க வீட்டுக்கு ஜூவுல இருந்து லெட்டர் வந்திருக்குது'ன்றாரு!"

"ஃபோன்ல நீ பேசுற. நான் 'ம்'ன்றேன்."

"வேணாம்னு சொல்றதுதான?"

"பேச்சுக்கு நடுவுல நீ எங்க மூச்சு விட்ட?"

சுவருக்கு அந்தப் பக்கம் தறி சட்டென்று நின்றது. குழலி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். இம்தியாஸ் அதைக் கவனித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா? அப்பாவுக்கு ஆன மாதிரி, யாரும் இல்லாம..."

"அப்பாவுக்கு நான் இருந்தேன். இருந்தும், ஆன பிறகுதான்பா தண்ணியோட வந்தேன்."

அவன் உட்கார்ந்துவிட்டான். இவர் போன அன்று அழாதவன், இன்று அழுதான். ஏழாவது மாடி எதற்கு என்று இன்றுதான் எனக்கு விளங்கியது. வாட்ச்மேனும் கேமராவும் எனக்கு இல்லை, அவன் பயத்துக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதை எதுவும் சொல்லவில்லை. தலையைத் தடவினேன், இந்தத் தடவை நான்.

டெம்போக்காரர் எட்டிப் பார்த்து, "சார், எத ஏத்தறது?" என்றார். இம்தியாஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"அந்த பீரோவ."

"இம்தியாஸ்..."

"கடைக்கு அம்மி. கடை தொறக்கறேன்னீங்க இல்ல? வாடகை வண்டி சும்மாவா போவும்? ரம்ஜான் பெருநாள்வரைக்கும் பாப்போம். தினமும் ரெண்டு வாட்டி ஃபோன் பண்ணுவேன். எடுக்கலன்னா இதே டெம்போதான்."

"ம்" என்றேன். அவன் முறைத்தான். "சரிப்பா, எடுக்கறேன்" என்றேன்.

24 பிப்ரவரி, செவ்வாய்

நோன்பு என்பதால் கடை மதியம்வரைதான். மேசை மேல் ஒட்டுவதற்கு ஒரு கிண்ணம் பாவுக் கஞ்சி, குழலி உபயம். தபால் ஆபீசில் வரிசை நீளமாக இருந்தால் ஜனங்கள் ரோட்டைத் தாண்டி இங்கே வருகிறார்கள். ஆல்பத்துத் தலைகளை அச்சிட்ட சர்க்கார் விலைக்கே விற்கிறேன். ஒட்டியும் கொடுக்கிறேன். 'இன்னாம்மா இது ஆடா?' என்று கேட்டால் வரையாட்டின் கதை இலவசம். ஒருவர் பஸ்ஸை விட்டுவிட்டார்.

இன்று வரையாடு திருச்சி போயிற்று. இருவாச்சி சேலம். ஒரு புலி ஆற்காட்டுக்கு.

இம்தியாஸ் காலையில் கூப்பிட்டான். பேரப்பெண் தபஸ்ஸுமுக்கு யானை ஒட்டின கடுதாசி வேண்டுமாம்.

கடை சாத்துவதற்கு முன்னால் ஒரு உறை நானே எழுதினேன். ஜெயம்மாள், செய்யாற்றுக் கரைத் தெரு, மாகறல். கானமயிலைக் கஞ்சி தடவி ஒட்டினேன். ரெண்டு ரூபாய் முப்பது பைசாதான் முகத்தில் இருப்பதால் பக்கத்தில் துணைக்கு நாலு ஆமை. ரோட்டைத் தாண்டிப் போய்ப் பெட்டியில் போட்டேன்.

ஜெயம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பறவையைப் பார்ப்பாள்.